சோலை நிழலுக்கு எந்த லென்ஸ்? வால்பாறைப் பயணக் குறிப்புகள்

செப்டம்பர் 13, 2024, வெள்ளி: பொள்ளாச்சி, ஆழியார், மலைப்பாதை

திருப்பூரில் டிசைனராக வேலை பார்க்கும் தம்பி ஒருவன் எங்கள் படக்குழுவில் இருக்கிறான். முதல் போனஸில் சோனி ஏ6400 வாங்கினான். அதோடு வந்த 16-50 கிட் லென்ஸில்தான் இதுவரை எல்லாப் படமும். இப்போது அடுத்த லென்ஸுக்கு ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறான். எதை வாங்கலாம் என்று அவன் கேட்டதிலிருந்து குழுவில் வாக்குவாதம் ஓயவில்லை. கடைசியில் எங்கள் குழுவின் டாக்டரக்காதான், "உட்கார்ந்த இடத்துல பேசிட்டே இருந்தா தீராது, மலைக்குக் கூட்டிட்டுப் போய் மாட்டிப் பார்த்துரலாம்" என்று வால்பாறையைச் சொன்னார்.

சரி என்று கோவையில் வாடகைக்கு லென்ஸ் தரும் ஒரு கடையில் இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4, இன்னொன்று டாம்ரான் 70-300 எஃப் 4.5-6.3. மி.மீ. எண் கூடினால் தூரம் கிட்டே வரும், எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிதாகி வெளிச்சம் கூடும். முதலாவதற்கு நாளுக்கு நானூறு ரூபாய், அடுத்ததற்கு ஐந்நூறு. மூன்றாவது போட்டியாளர் என்னிடம் இருக்கும் சோனி 85 எஃப் 1.8. மூன்றுமே அவன் பட்ஜெட்டை ஒட்டி வருபவை. இவை போக, குழுவின் பேங்க் சாரிடம் சோனி ஏ7 4 கேமராவும் 200-600 லென்ஸும், அக்காவிடம் ஃபூஜி எக்ஸ்-டி5, என்னிடம் ஏ7 3. ஃபூஜி லென்ஸ் சோனியில் உட்காராது என்பதால் அக்காவின் பை மட்டும் இந்தப் பஞ்சாயத்துக்கு வெளியே.

பொள்ளாச்சியில் காலைச் சாப்பாடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டு மெஸ். சுடச்சுடப் பிழிந்த சந்தகை, பக்கத்தில் வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ள ஒரு கார வகை. தட்டு 50 ரூபாய். தேங்காய்ப்பாலுக்கு மட்டும் கணக்கில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார் அந்த அம்மா. "போதுங்க" என்றால் "மலையேறப் போறீங்க, குடிங்க கண்ணு" என்று இன்னொரு கரண்டி. கிளம்பும்போது மழைக்கு என்ன எடுத்திருக்கிறோம் என்று விசாரித்தார். குடை இரண்டுதான் என்றதும், காய்ந்து மடித்து வைத்திருந்த அரிசிப் பைகளில் நாலைந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் பைகள் பேங்க் சாரின் 200-600-க்கு உறையாக மூன்று நாளும் உழைத்தன.

ஆழியார் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோவது நல்லது. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர் அண்ணன் ஐந்தாவது வளைவிலேயே ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினார். "கேமராக்காரங்களை ஏத்திட்டு வந்து பழக்கமுங்க. ஏசியில வச்சிருந்து மேல போய் எடுத்தா லென்ஸு வேர்த்துரும்" என்றார். அவர் சொன்னது சரி. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் உடனே ஆவி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படியும், கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை விடாது. நமக்கு முன்னால் இறங்கி வரையாட்டைப் பார்த்து ஓடிய ஒரு காரின் ஆட்கள் பத்து நிமிடம் சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். பாவமாக இருந்தது, எங்களிடம் இருந்த மைக்ரோஃபைபர் துணியைக் கொடுத்தோம்.

வரையாடு இருந்தது ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ காட்சிமுனைப் பக்கம். கீழே ஆழியார் அணை முழுவதும் மேகத்துக்குள். மேலே பாறைச் சரிவில் ஒரு கிடாவும் நாலைந்து பெட்டைகளும். சாலையோரத் தடுப்புச் சுவருக்குப் பத்தடி தள்ளி நிதானமாகப் புல் மேய்ந்தன. மனிதர்களுக்கு இவ்வளவு பழகிவிட்டது நல்லதா என்று அக்காவுக்கு ஒரே கவலை. 2024 ஏப்ரல் இறுதியில் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 வரையாடுகள்தான் தேறின. நம் மாநில விலங்கு, நம் மாநிலத்தில் அப்போது அவ்வளவுதான். அதில் ஒன்றுக்கு நம் கண்ணெதிரே ஒருவர் சிப்ஸ் நீட்டினார். பேங்க் சார் போய், கோபப்படாமல், "உப்பும் எண்ணெயும் அதுக்கு ஆகாதுங்க, ரோட்டுக்கு வந்து பழகுச்சுன்னா வண்டியில அடிபட்டுரும்" என்று சொன்னார். அந்த ஆள் பையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். வற்புறுத்தாமல் சொன்னால் கேட்கிறார்கள்.

படத்தைப் பொறுத்தவரை முதல் பாடம் இங்கேயே. தம்பி ஆசையாக டாம்ரானை மாட்டி 300-ல் வைத்தான். மூக்கும் கொம்பும் மட்டும் சட்டத்துக்குள். ஏ6400-ன் சின்ன சென்சாரில் 300 என்பது, பெரிய (முழுச் சட்ட) சென்சாரில் 450 மாதிரி. இவ்வளவு பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்கு அது அதிகம். 70-க்கு இழுத்ததும் ஆடு, பாறை, பின்னால் மேகக்கடல் எல்லாம் கிடைத்தது. மேகம் வெள்ளையாக இருந்ததால் கேமரா படத்தை இருட்டடித்தது. வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, ஏற்றச் சொன்னேன். உள்ளே கண்ணாடி இல்லாத இந்த மிரர்லெஸ் கேமராக்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், வியூஃபைண்டருக்குள்ளேயே முடிவு தெரிந்துவிடுகிறது. டயலைத் திருகத் திருக மேகம் வெளுப்பதை அவன் பார்த்துக்கொண்டே நிறுத்திக்கொண்டான்.

வால்பாறை வந்து சேர்ந்தபோது மாலை நாலு மணி, நல்ல சாரல். முன்பணம் கட்டி உறுதி செய்திருந்த விடுதியில் எங்கள் அறைகளை வேறு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓணம் விடுமுறைக் கூட்டம். முன்பணத்தைத் திருப்பித் தந்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. நனைந்துகொண்டே கடைத்தெருவில் விசாரித்தபோது ஒரு பேக்கரிக்காரர் தன் மச்சான் வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். இரண்டு அறை, சுடுதண்ணீர் வாளிக்கணக்கு, இரவுக்கு 1,800 ரூபாய். சுவரெல்லாம் ஈர வாடை. ராத்திரி லென்ஸ்களை வெளியே வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டுவைத்தோம். பூஞ்சை ஓர் இரவில் வராது என்றாலும் ஈரம் உள்ளே போய்த் தங்கினால் பிற்பாடு அதுதான் வேர்விடும்.

செப்டம்பர் 14, சனி: புதுத்தோட்டம்

இந்த ஒரு நாளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

வால்பாறைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால், புதுத்தோட்டம் எஸ்டேட் ஓரத்தில் ஒரு துண்டுக் காடு இருக்கிறது. நூறாண்டுக்கு முன்பு சுற்றிலும் காட்டை வெட்டித் தேயிலை வைத்தபோது தப்பிப் பிழைத்த துண்டு. அதற்குள் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. மரத்தைவிட்டு இறங்காத சாதி என்று படித்திருக்கிறோம். இங்கே நெடுஞ்சாலை காட்டைக் கிழித்துக்கொண்டு போவதால் தரைக்கு இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு தாய் அதில் நடந்து போனதை முதலில் பார்த்தது அக்கா.

கீழே காவலுக்கு ஓர் அண்ணன் விசிலும் கையுமாக நின்றார். குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வது அவர் வேலை. வேகமாக வந்த வேன்களைப் பார்த்து அவர் கை காட்டிய விதத்தில் அதட்டலே இல்லை. எங்களிடம் வந்து மூன்று விஷயம் சொன்னார். சாப்பாட்டுப் பையை வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்க. அதுங்க கண்ணை உத்துப் பார்க்காதீங்க. நீங்க நகர வேண்டாம், அதுங்களே வரும். அப்படியேதான் நடந்தது.

அந்தக் காட்டுக்குள் வெளிச்சம் எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். மணி காலை ஒன்பது. மேலே மேகம், அதற்குக் கீழே பனி, அதற்கும் கீழே அடர்ந்த இலைக்கூரை. நடுவில் கரிய முடி, கரிய முகம், சுற்றிலும் சாம்பல் வெள்ளைப் பிடரி. குரங்கோ ஒரு நொடி சும்மா இருக்காது. பலா கிடைத்தால் உரிக்கும், குட்டியை இழுக்கும், தலையைத் திருப்பும். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைந்தால் முகம் அழிந்துவிடும்.

தம்பி டாம்ரானை மாட்டினான். 300-ல் அதன் திறப்பு எஃப் 6.3. கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணரும் அளவை, 25600-க்கு ஏற்றியது. அது கூடக் கூடப் படத்தில் புள்ளிகள் வரும். லென்ஸிலும் நடுக்கத் தடுப்பு இல்லை, அவன் பாடியிலும் இல்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். முடி முடியாகத் தெரிய வேண்டிய பிடரி மணல் தூவியது போலிருந்தது. அப்புறம் சிக்மா 56. எஃப் 1.4-க்கும் எஃப் 6.3-க்கும் இடையில் வெளிச்சம் இருபது மடங்கு வித்தியாசம். அதே 1/500, ஐஎஸ்ஓ 1250-க்கு இறங்கிவிட்டது. கண்ணில் ஈரம் மின்னுவது வரை பதிந்தது. தூரம்? காவலர் நிறுத்திய இடத்திலிருந்து ஐந்தாறு மீட்டர்தான், 56-ல் ஒரு குரங்கின் முழு உருவம் சட்டத்துக்குள் தாராளமாக அடங்கியது.

எஃப் 1.4-க்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் ஆழம் ஒன்றிரண்டு சாண்தான். கறுப்பு முகத்தில் கறுப்புக் கண்ணைக் கேமராவின் கண் ஃபோகஸ் பல தடவை தவறவிட்டது, பிடரி முடியில் போய் நின்றது. ஏ7 4 கொஞ்சம் தேவலை. மற்றவர்கள் சின்னப் புள்ளியை நாமே நகர்த்திக் கண்ணில் வைத்துக்கொண்டோம். இன்னொன்று, கறுப்பு விலங்கைப் பார்த்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். கறுப்பு, சாம்பலாக வெளுத்துப்போகும். நேற்று மேகத்துக்கு ஏற்றியதற்கு நேர்மாறாக இன்று ஒரு ஸ்டாப் இறக்கி வைத்தோம். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை எல்லோருமே போட்டுக்கொண்டோம். பழைய எஸ்எல்ஆர் காலத்தில் கண்ணாடி எழும்பும் சத்தத்துக்கே முதல் படத்தோடு தலை திரும்பிவிடும். இங்கே கால் மணி நேரம் எங்களைக் கண்டுகொள்ளாமல் ஒரு கிழட்டு ஆண் குரங்கு அத்திக்காய் தின்றது.

பேங்க் சாரின் 200-600-ஐப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. காலை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நின்றார். 200-ல்கூடச் சில நேரம் குரங்கு சட்டத்துக்குள் கொள்ளவில்லை. ஆனால் மேல்கிளையில் படுத்திருந்த மலை அணிலின் செம்பட்டை வாலை அவர் எடுத்த மாதிரி எங்களில் யாராலும் எடுக்க முடியவில்லை.

அட்டை கடித்தது எல்லோருக்கும். அக்கா முழங்கால் வரை அட்டைச் சாக்ஸ் போட்டிருந்தும் இடுப்பில் ஒன்று. காவலர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை வைத்தார், தானாக உருண்டு விழுந்தது. அவருக்கு டீ வாங்கித் தரலாம் என்றால், குரங்குகள் அந்தப் பக்கம் போகும்வரை வரமுடியாது என்றுவிட்டார். ஃபிளாஸ்க்கில் வாங்கிவந்து கொடுத்தோம்.

மத்தியானம் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும், ஆளுக்கு 140 ரூபாய். நல்ல காரம், குளிருக்கு இதமாக இருந்தது.

ராத்திரி படம் பார்க்கும் நேரம். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்குப் பத்துப் படம், அதற்கு மேல் காட்டக்கூடாது. எந்த லென்ஸ், என்ன செட்டிங் என்பதை மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை சொல்லவும் கூடாது. எதில் எடுத்தது என்று தெரிந்துவிட்டால் விலையைத்தான் பார்ப்போம், படத்தைப் பார்க்க மாட்டோம்.

இன்று எல்லோரும் வாயடைத்துப் பார்த்தது தம்பியின் படம். சாலை ஓரத்தில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டைக் குட்டி ஒன்று தலையில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது, தாய் அதைப் பிடுங்கக் கை நீட்டுகிறது. பேங்க் சார் இதைத் தொழில்முறைப் போட்டிக்கு அனுப்பச் சொன்னார். அக்கா, முதலில் வனத்துறைக்கும் பஞ்சாயத்துக்கும் அனுப்பு, குப்பைத் தொட்டி எங்கே வேண்டும் என்று காட்டும் படம் இது என்றார். எனக்கு அக்கா சொன்னதுதான் சரியாகப் பட்டது. எதில் எடுத்தாய் என்று கடைசியில் கேட்டபோது, "கிட் லென்ஸ்ணா, 50-ல. மத்தது பையில இருந்துச்சு, எடுக்க நேரமில்ல" என்றான். அது நடந்தது வெட்டவெளியில், நல்ல வெளிச்சத்தில், இரண்டு எட்டு தூரத்தில். அந்த இடத்துக்குக் கிட் லென்ஸ் போதும். காட்டுக்குள் அதே லென்ஸ் 50-ல் எஃப் 5.6, ஒன்றும் தேறாது.

செப்டம்பர் 15, ஞாயிறு: இருவாட்சி, தேயிலைக்காடு, மளுக்கப்பாறை

விடிந்ததும் மழை விட்டிருந்தது. ஓட்டுநர் அண்ணன் தனக்குத் தெரிந்த ஓர் அத்திமரத்துக்குக் கூட்டிப்போனார். எந்த எஸ்டேட், எந்த வளைவு என்று இங்கே எழுதப் போவதில்லை. பழமரம் எங்கே இருக்கிறது என்று ஊர் முழுக்கத் தெரிந்தால் அடுத்த ஞாயிறு அங்கே இருபது கார் நிற்கும்.

முதலில் சத்தம்தான் வந்தது. பெரிய இருவாட்சி பறக்கும்போது இறக்கைக் காற்று நாலு தேயிலை வரிசை தாண்டிக் கேட்கும். மூன்று பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்தாக்கைக் கடந்தன. மஞ்சள் அலகு, அதன்மேல் கொம்பு போன்ற மேடு, வெள்ளை வாலில் கறுப்புப் பட்டை. தூரம் நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாது. இங்கே என் 85, தம்பியின் 56 எல்லாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். 56-ல் அது சாம்பல் வானத்தில் ஒரு புள்ளி.

பேங்க் சார் தான் இரண்டு மூன்று படம் எடுத்தவுடன் 200-600-ஐக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார். மழைவிட்ட நேரத்தில், ஈரக் காற்றில், லட்ச ரூபாய்க்கு மேல் போகும் லென்ஸை இன்னொருவர் கேமராவில் மாட்டக் கொடுப்பதற்குப் பெரிய மனது வேண்டும். ஏ6400-ல் அது 900 மாதிரி. பறக்கும் பறவையைச் சட்டத்துக்குள் கண்டுபிடிப்பதே கஷ்டம். 200-ல் வைத்துப் பறவையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஜூம் வளையத்தைச் சுற்றி உள்ளே போ என்று சார் சொல்லிக்கொடுத்தார். மரத்தில் வந்து உட்கார்ந்த ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் படங்களிலும் ஓரங்கள் பஞ்சு போலத்தான் இருந்தன. லென்ஸின் குறை இல்லை. நடுவில் நூற்றைம்பது மீட்டர் பனிக்காற்று இருக்கிறது, எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதைத் துடைக்க முடியாது. நீள லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தூரத்தைக் கிட்டே இழுப்பது வேறு, தெளிவு வேறு.

பத்து மணிக்குத் தேயிலைக்காட்டு ஓரம். ஞாயிறு என்றாலும் ஒரு கூட்டம் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தது. கையால் கிள்ளுவதெல்லாம் பழைய கதை, இப்போது பெட்டி வைத்த கத்தரி. இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், தலையில் துணி. கூட்டத்தில் பாதிக்குமேல் ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். மேற்பார்வை பார்த்த அக்காவிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டோம். "வேலைக்குக் குறுக்க நிக்காம எடுங்க" என்றார்.

நான் 85-ல் எடுத்தேன். பின்னணியில் பச்சை கரைந்து, முகம் மட்டும் தெளிவாக, எனக்குத் திருப்தியான படங்கள். டாக்டரக்கா ஃபோனோடு பேசும் சின்ன இன்ஸ்டாக்ஸ் பிரிண்டர் ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருப்பார். ஏடிஎம் கார்டு அளவுக்கு அங்கேயே அச்சாகும். தாள் ஒன்று ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது, ஆனாலும் அதில் அவர் கணக்குப் பார்ப்பதில்லை. என் படத்தை அச்சிட்டு அந்த மேற்பார்வை அக்காவிடம் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா காலு காணோமே?" என்றார். பிறகு இடுப்புத் தாளை அவிழ்த்து வைத்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், பாதையின் நடுவில் வந்து இரண்டு கையையும் தொங்கவிட்டு நேராக நின்றார். "இப்ப முழுசா எடுங்க. பொள்ளாச்சி ஹாஸ்டல்ல பொண்ணு படிக்குது, அதுக்கு அனுப்பணும்."

85-ல் அவரை முழுசாக எடுக்க நான் தேயிலைச் செடிக்குள் பின்னால் போயிருக்க வேண்டும். பையில் இருந்த 35 மி.மீ. லென்ஸை மாட்டினேன். நாலு எட்டு தள்ளி நின்று எடுத்தால் தலை முதல் செருப்பு வரை, பின்னால் அவர் வேலை செய்யும் சரிவு, கோணலில்லாமல். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். ஜார்கண்ட் பையன் ஒருவன் தன் நண்பனைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றான், இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரு பிரதி கேட்டான். தாள் தீர்ந்துபோனது. மீதிப் பேருக்கு அச்சுப் போட்டு அனுப்ப மஸ்டர் (தொழிலாளர் வருகை பதியும் இடம்) முகவரியை எழுதி வாங்கிக்கொண்டோம்.

யதார்த்தமாக எடுக்கிறோம் என்று நாம் ஆளுக்குத் தெரியாமல் எடுக்கும் படங்களைவிட, அவர்கள் நின்றுகாட்டிய இந்தப் படங்கள் எனக்கு இன்று அதிகம் பிடித்திருக்கின்றன. தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்த அக்காவுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. அந்தத் தீர்மானத்துக்குத் தக்க லென்ஸ் 35.

மத்தியானம் சோலையாறு அணை வழியாகக் கேரள எல்லை, மளுக்கப்பாறை. பாதை படு மோசம். எல்லையில் ஒரு சேச்சியின் சாயாக்கடை. திருவோணம் என்பதால் பழம்பொரிக்குக் காசு வாங்கினாரே தவிர பாயசத்துக்கு வாங்கவில்லை. அடைப் பிரதமன், பெரிய டம்ளர் நிறைய. "ஓணத்தன்னு பைசயோ?" என்று கேட்டுச் சிரித்தார். சாயா 12 ரூபாய்.

கடைக்குள் எல்இடி விளக்கு. தம்பி ஓசையில்லா ஷட்டரிலேயே சேச்சியை எடுத்தான், படம் முழுக்கக் கோடு கோடாக வந்தது. எல்இடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டரோ சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படிக்கும்போது விளக்கு மங்கிய வரியெல்லாம் இருட்டுக் கோடாகிவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி 1/100-ல் வைத்ததும் சரியாகிவிட்டது. சேச்சி அதற்குள் மூன்று பேருக்குச் சாயா ஆற்றிவிட்டு மறுபடியும் பொறுமையாக நின்றார்.

திரும்பும்போது காட்டுமாடு ஒன்று சாலை நடுவில். இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தன. அரசுப் பேருந்து ஓட்டுநர் விளக்கை அணைத்து எஞ்சினையும் நிறுத்திவிட்டார். அரை மணி நேரம் ஆனது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊர்க்காரர்களிடம் நான் பார்த்து மரியாதை வைத்தது இந்தப் பொறுமையைத்தான்.

செப்டம்பர் 16, திங்கள்: இறக்கம்

காலையில் கனத்த மழை, கரண்டும் இல்லை. பேட்டரிகள் எல்லாம் பாதிக்குக் கீழே. நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனைக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டோம். பேக்கரிக்காரர் வீட்டிலிருந்தே கட்டங்காப்பியும் வர்க்கியும் வந்தன, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் அம்மாவை வாசல் திண்ணையில் உட்காரவைத்து அக்கா படம் எடுத்தார்.

ஆழியாரில் இறங்கியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. அணைக்கு எதிரே மீன் கடையில் மசாலா தடவிப் பொரித்த மீன், தட்டு 100 ரூபாய், வெங்காயமும் எலுமிச்சையும் கேட்கக் கேட்க. அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் தம்பியின் விஷயம் முடிவுக்கு வந்தது.

முதலில் டாம்ரான் கழிந்தது. லென்ஸ் மோசம் என்பதால் இல்லை, வெயில் நாளில் கூந்தன்குளத்துக்கோ வேடந்தாங்கலுக்கோ போகிறவனுக்கு அது நல்ல துணை. ஆனால் அவன் படங்களில் பாதி வீடு, கோயில், கல்யாணம், ராத்திரிச் சந்தை. இருட்டில் வாழ்கிறவன். நீள லென்ஸ் ஆண்டுக்கு இரண்டு தடவை தேவைப்பட்டால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். 200-600-க்கே நாள் வாடகை ஆயிரத்துச் சொச்சம்தான்.

மிஞ்சியது 56-ஆ, 85-ஆ. டாக்டரக்கா 85 பக்கம். நாளைக்குத் தம்பி முழுச் சட்ட கேமராவுக்குப் போனால் 85 கூடவே வரும், சிக்மா 56 சின்ன சென்சாருக்கு மட்டும் செய்தது, அப்போது விற்க வேண்டிவரும் என்பது அவர் வாதம். அது உண்மைதான். நான் 56 பக்கம். ஏ6400-ல் 85 என்பது ஏறக்குறைய 128 ஆகிவிடுகிறது. நம் வீட்டுக் கூடத்தில் அதை வைத்து ஒரு ஆளை இடுப்பு வரை எடுக்கவே சுவரில் போய் முட்டுவான். தவிர எஃப் 1.4-ல் வரும் வெளிச்சம் 1.8-ல் வருவதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல், நடுக்கத் தடுப்பு இல்லாத பாடிக்கு அது பெரிய உதவி. எடையும் 280 கிராம்தான், கழுத்தில் தொங்குவதே தெரியாது. எப்போதோ வாங்கப்போகும் கேமராவுக்காக, இப்போது கையில் இருக்கும் கேமராவைத் திண்டாடவிடக் கூடாது என்பது என் கருத்து.

பேங்க் சார் மீனைத் தின்று முடித்துவிட்டு, "நீ எதுல எடுத்தப்ப சந்தோஷமா இருந்த?" என்று தம்பியைக் கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு 56 என்றான். அதையே வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் லென்ஸை ஈரமில்லாமல் வைக்கும் டிரை கேபினட் ஒன்றும் எடுப்பதாக முடிவு. கோவை வந்ததும் வாடகைக் கடையில் டாம்ரானை மட்டும் திருப்பிக் கொடுத்தான். 56-ஐ இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்கிறானாம், புதன்கிழமை அத்தை வீட்டில் வளைகாப்பு. அக்கா இப்போதும் ஃபோனில் 85-ன் விலைப் பட்டியல்களை அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.